திருக்கோயிலுக்கு மெய்யளவுப் படி

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் பெருவழியில் அமைந்துள்ள ஊர் திருவாண்டார்கோயில். இதன் பழம்பெயர் வடுகூர். திருஞானசம்பந்தர் பாடியருளிய வடுகூர்ப் பதிகம் முதல் திருமுறையில் உள்ளது. நடுநாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் இருபத்திரண்டனுள் இஃது ஒன்று. வடுகபைரவர் வழிபட்டமையால் வடுகூர் எனப் பெயர் பெற்றது என்பது தலவரலாறு. ஆண்டார் எழுந்தருளிய கோயிலின் பெயரே நாளடைவில் ஊரின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

பஞ்சநதீசுவரரைத் தொழுது வலம் வரும் அன்பர்கள், கருவறைப் புறச்சுவரருகே சற்று நின்று நோக்குதல் வேண்டும். அங்கே கல்லின் மேல் கல் அடுக்கப்பட்டிருப்பது வெறும் சுவரன்று. அஃது ஓர் ஏடு. சோழர் காலத்து அரசரும் ஊராரும் அளித்த கொடைகள் அதில் எழுத்தாக உள்ளன. தச்சர் வகுத்த அளவுகள் அதில் வடிவாக உள்ளன. எழுத்தைப் படிப்போர் சிலர் உளர். வடிவைப் படிப்போர் அவரினும் குறைவு. இரண்டும் அழியாமற் காக்கப்பட வேண்டுமானால் இரண்டுக்கும் படி வேண்டும். அப்படியை எடுக்க இக்காலத்தில் வந்துள்ள முறையே முப்பரிமாண எண்மப் படி என்பது. கணிப்பொறியில் கட்டடத்தை நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று அளவோடும் உள்ளது உள்ளவாறே அமைத்து வைத்தல் என்று அதற்குப் பொருள் கூறலாம்.

இம்முறை இன்னது, இதன் பயன் இன்னது, இதனால் ஆகாதது இன்னது என்பவற்றை அறிந்துகொள்வது திருப்பணியில் நாட்டமுடைய அனைவர்க்கும் நலம் பயக்கும்.

அளவே கோயில்

விமானம் என்னும் சொல்லிலேயே மானம் அடங்கியுள்ளது. மானம் என்பது அளவு. பலவாறாக அளந்து அமைக்கப்பட்டது விமானம் என்று சிற்பநூல் வல்லார் பொருள் கூறுவர். அடித்தளமாகிய அதிட்டானம், அதன் மேல் நிற்கும் சுவர், கூரை வரிசையாகிய பிரத்தரம், கழுத்து, சிகரம், கலசம் என விமானத்துக்கு உறுப்புகள் ஆறு. அதிட்டானத்திற்குள்ளேயே உபானம், சகதி, குமுதம், கண்டம், பட்டிகை எனப் பல அடுக்குகள் உள்ளன. இவை ஒவ்வொன்றுக்கும் இத்தனை பங்கு உயரம், இத்தனை பங்கு பிதுக்கம் என்று கணக்கு உண்டு. கணக்கு மாறினால் காலமும் மாறும். பல்லவர் காலக் குமுதம் ஒரு வகை. பிற்காலக் குமுதம் வேறு வகை. ஆகவே கல்வெட்டே இல்லாத கோயிலையும் அதன் அளவு கொண்டு இன்ன காலத்தது என்று அறிஞர்கள் துணிவர்.

திருவுருவங்களுக்கும் இதுவே நெறி. எட்டுத் தோரை ஒரு விரல், இருபத்து நான்கு விரல் ஒரு முழம் என்பது மரபு. உத்தம தசதாலம் என்னும் அளவில் அமையும் படிமத்தின் உயரம் 124 பங்காகப் பகுக்கப்படும். அப்பங்கினைக் கொண்டே முகம், கழுத்து, மார்பு, முழங்கால் ஆகியவை வகுக்கப்படும்.

இவ்வளவுகளை எழுதி வைக்கும் வழக்கமும் நம்மவர்க்குப் புதிதன்று. தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் பிறரும் அளித்த செப்புத் திருமேனிகளைப் பற்றிய கல்வெட்டுகளை நோக்குக. ஒவ்வொரு திருமேனியும் பாதாதிகேசாந்தம் இத்தனை முழம், இத்தனை விரல், இத்தனை தோரை என்று அளந்து எழுதப்பட்டுள்ளது. திருக்கைகள் எத்தனை, பீடத்தின் உயரம் எவ்வளவு என்பனவும் அங்கே உண்டு. அணிகலன்களைக் கூறுமிடத்து முத்துகளின் எண்ணிக்கையும் வகையும் கூடக் குறிக்கப்பட்டுள்ளன. கோயிலுக்குரிய பொருள் இன்னதென்று ஐயமற அறியும்படி எழுதி வைத்தல் ஒரு கடமை என்று அக்காலத்தார் கருதியிருந்தனர்.

திருமழபாடி காட்டும் நெறி

இவ்வகையில் எல்லாவற்றினும் சிறந்த சான்று கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடியில் உள்ளது. அங்குள்ள வைத்தியநாதர் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுப்பிக்க இராசராசன் காலத்தில் ஆணை பிறந்தது. விமானத்தைப் பிரிக்குமுன் அதன் கற்களில் இருந்த கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படி எடுத்துக்கொள்ளுமாறும் ஆணையிடப்பட்டது. புதிய கோயில் எழுந்த பின்னர், அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், அப்படியைப் பார்த்து அவை மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன.

இதில் உய்த்துணரத்தக்கது ஒன்று உண்டு. திருப்பணி வேண்டாம் என்று அவர்கள் கூறவில்லை. பழையதைப் பிரிக்கவே செய்தனர். ஆனால் பிரிக்குமுன் படி எடுத்தனர். முன்னோர் அளித்த நிலமும் விளக்கும் ஆடும் பொன்னும் அக்கற்களோடு மறைந்துவிடக் கூடாது என்பதில் கருத்தாக இருந்தனர். சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றில், இது பழங்கல்வெட்டின் படி என்னும் குறிப்போடு மறுபடி வெட்டப்பட்ட எழுத்துகள் இன்றும் காணப்படுகின்றன. முதற்கல் மறைந்தது, அதன் சொல் நின்றது.

ஆயினும் அவர்கள் காத்தது எழுத்தை மட்டுமே. பிரிக்கப்பட்ட விமானத்தின் குமுதம் எவ்வாறு வளைந்திருந்தது, கோட்டத்துத் தேவர் எந்நிலையில் நின்றார், தூணின் போதிகை எவ்வடிவினது என்பவற்றுக்குப் படி எடுக்க அன்று கருவி இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அக்குறையை நிறைக்க வந்ததே முப்பரிமாணப் படி.

புதுச்சேரியில் நடந்த பணி

எழுத்துப்படிக்கும் மெய்யளவுப் படிக்கும் இடையே சில படிநிலைகள் உண்டு. தென்னகக் கல்வெட்டுகளை முறையாக மைப்படி எடுத்து ஆண்டறிக்கையாக வெளியிடும் பணி 1887 முதல் நடந்து வருகிறது. ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒட்டித் தூரிகையால் தட்டி, எழுத்துப் பள்ளங்களில் தாள் படிந்த பின் மையொற்றி எடுப்பது மைப்படி. மேட்டில் மை படியும். எழுத்து வெண்மையாக நிற்கும்.

புதுச்சேரியில் 1955ஆம் ஆண்டு பிரெஞ்சு நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதலே தென்னிந்தியக் கோயில்களையும் திருவுருவங்களையும் ஊர் ஊராகச் சென்று ஒளிப்படம் எடுக்கும் பணி நடைபெற்றது. அவ்வாறு சேர்ந்த படங்கள் ஓர் இலட்சத்துக்கும் மிகுதியானவை. தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் புதுச்சேரி நிலையமும் இப்பணியில் துணை நின்றது. அப்பள்ளியைச் சார்ந்த கட்டடக்கலைஞர் பியர் பிஷார் தஞ்சைப் பெரியகோயிலை அளந்து வரைந்த நூல் 1995இல் வெளிவந்தது. பாகூர் குப்புசாமி தொகுத்து, விஜயவேணுகோபால் பதிப்பித்த புதுச்சேரிக் கல்வெட்டுகளின் முதற்பகுதி 2006இலும் அடுத்த பகுதி 2010இலும் வெளிவந்தன. வடுகூர்க் கல்வெட்டுகளைக் கற்க விழைவோர் அந்நூலையே நாட வேண்டும்.

ஒளிப்படம் எடுத்து வைத்ததன் பயன் எதிர்பாராத வழியிலும் விளைந்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராசர் திருமேனி ஆஸ்திரேலிய நாட்டின் தேசியக் கலைக்கூடத்தில் இருந்தது. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கல்திருமேனியும் அந்நாட்டின் மற்றொரு கலைக்கூடத்தில் இருந்தது. இவை நம்முடையவை என்று காட்டுவதற்குப் பிரெஞ்சு நிறுவனம் முன்னரே எடுத்து வைத்த ஒளிப்படங்கள் பெருஞ்சான்றாயின. 2014 செப்டம்பரில் இரு திருமேனிகளும் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. படங்கள் எடுக்கப்பட்ட நாளில் அவை பின்னொரு நாள் வழக்குக்குச் சான்றாகும் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார். படி எடுத்து வைப்போர் அதன் பயனை முழுவதும் அறிந்து எடுப்பதில்லை. பின்வருவோர்க்கு அது பயன்படுகிறது.

கருவி அளக்கும் வகை

முப்பரிமாணப் படி எடுக்க இரண்டு வழிகள் உள. ஒன்று லேசர் கதிர் கொண்டு அளத்தல். மற்றொன்று ஒளிப்படங்களைக் கொண்டு அளத்தல்.

லேசர் ஸ்கேனர் என்னும் கருவி முக்காலியின் மேல் நிறுத்தப்படும். அது சுழன்றுகொண்டே ஒளிக்கதிரை நாற்புறமும் மேலும் கீழும் செலுத்தும். கதிர் கல்லில் பட்டு மீளும். ஒளி ஒரு வினாடியில் ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஒரு வினாடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரத்தில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் செல்லும். அத்துணை நுண்ணிய காலத்தையும் கருவி அளந்துவிடும். சென்று மீண்ட காலத்தைக் கொண்டு தொலைவும், செலுத்திய கோணத்தைக் கொண்டு திசையும் தெரியும். இரண்டும் தெரிந்தால் அப்புள்ளி வெளியில் எங்குள்ளது என்பது தெரிந்துவிடும். இவ்வாறு ஒரு வினாடிக்குள் பல இலட்சம் புள்ளிகளை அளக்கும் கருவிகள் இன்று உள்ளன. அவற்றின் பிழை சில மில்லிமீட்டருக்குள் அடங்கும். அளந்த புள்ளிகள் அனைத்தையும் கணிப்பொறித் திரையில் இட்டால், மணல் துகள்களால் ஆன கோயில் போல ஓர் உருவம் தோன்றும். இதனைப் புள்ளித்திரள் என்பர்.

ஓரிடத்தில் நின்ற கருவிக்குத் தூணின் மறுபுறம் தெரியாது. ஆகையால் மண்டபத்தில், திருச்சுற்றில், கோபுர வாயிலில் எனப் பல இடங்களில் வைத்து அளந்து, பொதுவான அடையாளங்களைக் கொண்டு அவற்றை ஒன்றாக இணைப்பர். சிறிய கோயிலுக்கும் பல நிலைகள் தேவைப்படும். இணைப்பில் நேரும் சிறு பிழை வளர்ந்து போகாமல் காப்பதே இத்தொழிலின் திறன்.

இரண்டாவது வழி நம் கண்ணின் வழி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது அரிது. இரு கண்களால் நோக்கும்போதே தொலைவு தெரிகிறது. அதுபோல ஒரு சிற்பத்தைச் சற்றுச் சற்று நகர்ந்து பல படங்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பெரும்பகுதியைத் தன்னுள் கொண்டிருத்தல் வேண்டும். ஒரே புள்ளி பல படங்களில் எவ்வெவ்விடத்தில் உள்ளது என்று கணிப்பொறி ஒப்பிட்டு, அதன் ஆழத்தைக் கணக்கிடும். படத்தில் அளவுகோல் ஒன்றையும் உடன் வைத்து எடுத்தாலன்றி உருவம் கிடைக்குமேயொழிய அளவு கிடைக்காது. இதனை மறப்போர் பலர்.

இந்த இரண்டாம் வழி மிகப் பழையது. 1858ஆம் ஆண்டு செருமனி நாட்டு வெட்ஸ்லார் நகரத் தேவாலயத்தை அளக்க ஏறிய மேடன்பாவர் என்னும் கட்டடக்கலைஞர் உயரத்திலிருந்து விழ இருந்து தப்பினார். ஏறி அளப்பதற்கு மாறாக ஒளிப்படத்தில் அளக்கலாகாதோ என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணத்தால் 1885இல் பெர்லினில் அரசு சார்ந்த ஒளிப்பட அளவீட்டு நிலையம் ஒன்றே தோன்றியது. அந்நிலையத்தார் சேர்த்த படங்கள் பின்னாளில் போரால் சிதைந்த கட்டடங்களைச் சீர்செய்யப் பயன்பட்டன.

கைக்கு எட்டும் சிற்பத்துக்கும் எழுத்துக்கும் ஒளிப்பட வழி ஏற்றது. முழுக் கட்டடத்தின் அளவுக்கு லேசர் வழி ஏற்றது. உயர்ந்த சிகரத்துக்கு ஆளில்லா வானூர்தி துணை செய்யும். மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்துவதே இக்கால வழக்கம்.

அழிந்தவையும் எழுந்தவையும்

பிற நாடுகளில் நிகழ்ந்தவை இதன் இன்றியமையாமையைக் காட்டும். ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டின் கசூபி என்னுமிடத்தில் புகண்டா அரசர்களின் கல்லறை மாளிகை உள்ளது. மரத்தாலும் நாணலாலும் வேயப்பட்ட அம்மாளிகை 2009இல் முப்பரிமாணக் கருவியால் அளக்கப்பட்டது. 2010 மார்ச்சில் தீக்கு இரையாயிற்று. இடைவெளி ஓராண்டு அளவே.

பாரிஸ் நகரின் நோத்ரு தாம் தேவாலயத்தை 2010இல் ஆண்ட்ரூ தாலன் என்னும் கலைவரலாற்றுப் பேராசிரியர் லேசர் கருவி கொண்டு நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாக அளந்து வைத்தார். 2019 ஏப்ரல் 15 அன்று அதன் மரக்கூரை எரிந்து வீழ்ந்தது. அதற்கு முன்னாண்டே தாலன் காலமாகிவிட்டார். அவர் அளவு உயிரோடிருந்தது. அக்கூரையின் மரச்சட்டங்களைச் சில ஆண்டுகளுக்கு முன் கட்டடக்கலைஞர் இருவர் கையால் அளந்து வரைந்தும் வைத்திருந்தனர். கருவியின் அளவும் கையின் வரைவும் கூடித் துணை செய்ய, 2024 டிசம்பரில் அத்தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

நம் நாட்டிலும் இத்தகைய பணி உண்டு. குசராத்தின் பாட்டன் நகரிலுள்ள ராணி கி வாவ் என்னும் படிக்கிணற்றை இந்தியத் தொல்லியல் துறையுடன் கூடி ஸ்காட்லாந்து நாட்டுக் குழுவினரும் சைஆர்க் நிறுவனத்தாரும் 2011இல் அளந்தனர். அம்பியில் விட்டலர் கோயிலைக் கணிப்பொறியில் அமைக்கும் திட்டத்தை இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்தியது. பெங்களூரில் மிதிக் சொசைட்டி 2021 முதல் அவ்வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாணமாகப் படி எடுத்து வருகிறது. அவற்றுள் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளும் உள்ளன. மழையில் தேய்ந்து கண்ணுக்குப் புலனாகாத எழுத்தும், திரையில் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டும்போது எழுந்து தெரிகிறது.

படி இல்லாமல் இழந்தவற்றை நினைத்தால் நெஞ்சு நோகும். திருக்காளத்தியில் கிருஷ்ணதேவராயர் 1516இல் எடுப்பித்த இராசகோபுரம் 2010 மே 26 அன்று சரிந்து மண்மேடாயிற்று. விரிசல் விழுந்தது முன்னரே பலர் கண்ட செய்தி. புதிய கோபுரம் எழுந்து 2017இல் குடமுழுக்கும் நடந்தது. எனினும் ஐந்நூறு ஆண்டுகள் நின்ற சுதையையும் கல்லையும் மீட்க எவராலும் இயலவில்லை. புதுச்சேரியிலேயே கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்து மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து வீழ்ந்தது. பழைய தோற்றத்திலேயே அது மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. நின்ற கட்டடம் ஒரே நாளில் இல்லாமற் போகும் என்பதற்கு நம் கண்முன் நிற்கும் சான்று அது.

ஓசையின்றி நேரும் அழிவு

கோபுரம் வீழ்ந்தால் ஊரறியும். ஓசையின்றி நேரும் அழிவை ஒருவரும் அறியார். திருப்பணி என்ற பெயரிலேயே அது நேர்கிறது என்பது வருந்தத்தக்கது. சுண்ணாம்பும் வண்ணமும் அடுக்கடுக்காகப் பூசி எழுத்தை மூடுதல், அதனை நீக்க மணலைப் பீய்ச்சிக் கல்லின் தோலை உரித்தல், கல்தளத்தின் மேல் வழவழப்பான ஓடு பதித்து அதிட்டானத்தின் அடியை மறைத்தல், பிரித்த கற்களை எண்ணிடாமல் அடுக்கி வரிசை மாற்றி வைத்தல் ஆகியவை அவ்வழிவுகள். கல்வெட்டின் முதல் வரி வடசுவரிலும் அடுத்த வரி மடைப்பள்ளிப் படியிலும் கிடக்கும் கோயில்கள் எத்தனையோ! கொடை கொடுத்தவன் பெயர் ஓரிடம், கொடுத்த நிலம் ஓரிடம் எனச் சிதறிய பின் அவ்வறம் எவ்வாறு விளங்கும்?

மெய்யளவுப் படி இருந்தால் இவற்றுட் பலவற்றைத் தடுக்கலாம். ஒவ்வொரு கல்லும் எங்கிருந்தது என்று திரையில் பார்த்து அவ்விடத்திலேயே வைக்கலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அளந்து, முன்னளவோடு பின்னளவை ஒப்பிட்டால் சுவர் எவ்வளவு சாய்ந்தது, விரிசல் எவ்வளவு அகன்றது என்பது தெரியும். மருத்துவர் முன்னர் எடுத்த நாடியையும் இப்போது எடுத்த நாடியையும் ஒப்பிட்டு நோயின் போக்கை அறிவது போன்றது இது. மரபுக் கட்டடம் அறிந்த பொறியாளரும் தபதியாரும் அதனைப் பார்த்து, பிரிக்க வேண்டுமா, தாங்கு கொடுத்தால் போதுமா என்று முடிவு செய்யலாம். பல நேரங்களில் பிரிக்க வேண்டியதே இராது. தேவையற்ற திருப்பணியைத் தவிர்ப்பதும் திருப்பணியே.

தஞ்சை மாவட்டம் துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயிலின் மரபுவழிச் சீரமைப்புக்கு யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆசிய-பசிபிக் மரபுக் காப்பு விருது கிடைத்ததும், திருவரங்கம் அரங்கநாதர் கோயிலுக்கு 2017இல் அவ்விருது வரிசையில் சிறப்புப் பெற்றதும், பழமை கெடாமல் புதுக்குதல் நம்மால் இயலும் என்பதைக் காட்டின.

படியின் எல்லை

இத்துணைப் பயன் உடையதாயினும் படி என்பது படியே, பொருள் ஆகாது. கணிப்பொறியில் கோயில் இருக்கிறது என்று கருதிக் கல்லைப் புறக்கணிப்பது, ஒருவரின் படத்தை வைத்துக்கொண்டு அவரைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும். கருவி மேற்பரப்பை மட்டுமே அறியும். சுவரின் உள்ளே நிரப்பிய கல்லும் மண்ணும் எந்நிலையில் உள்ளன என்பது அதற்குத் தெரியாது. இக்கல் எவ்வூர்ப் பாறையினது, இச்சுண்ணாம்பில் என்ன கலந்தனர் என்பவற்றைச் சொல்லாது. இவற்றுக்கு மரபறிந்த தபதியின் கையும் கண்ணும் வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. பாகூரிலிருந்த வித்தியாத்தானம் என்னும் கல்வி நிலையத்துக்கு நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. அக்கொடையைச் சொல்லும் செப்பேடுகள் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் படிக்கக் கிடைத்தன. கணிப்பொறிக் கோப்புக்கு அத்தகைய ஆயுள் இல்லை. வட்டு பழுதாகும், கோப்பைத் திறக்கும் மென்பொருள் வழக்கொழியும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சேமித்ததை இன்று திறக்க இயலாமல் இடர்ப்படுவோர் உண்டு. ஓலைச்சுவடிகள் எவ்வாறு காக்கப்பட்டன? செல்லரிக்குமுன் புதிய ஓலையில் பெயர்த்து எழுதிக் காத்தனர். படி எடுப்போர் தலைமுறை தோறும் இருந்தமையால் அன்றோ திருமுறைகள் நமக்குக் கிடைத்தன? புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித் தொகுதி 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றதும் அவ்வகையில் தொடர்ந்து பெயர்த்தெழுதியோரின் உழைப்பால் விளைந்ததே. எண்மப் படிக்கும் அதே காவல் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வையாது பல இடங்களில் வைத்தல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வடிவுக்கு மாற்றுதல், எவர், எந்நாளில், எக்கருவியால் அளந்தார் என்னும் குறிப்பைச் சேர்த்து வைத்தல் ஆகியவை தவிர்க்கலாகாதவை.

கருவறையுள் கருவி செல்லலாமா என்னும் வினாவும் எழும். ஆகம மரபுக்கு மாறாக எதுவும் செய்தல் தகாது. புறச்சுவரும் மண்டபமும் திருச்சுற்றும் கோபுரமும் அளப்பதற்குத் தடையில்லை. உட்புறத்தைப் பற்றிச் சிவாசாரியர்கள், கோயிலார், துறையினர் ஆகியோர் கூடி முடிவு செய்ய வேண்டும். அன்றியும் படியை யார் வைத்திருப்பது, யாருக்குக் காட்டுவது என்பதையும் முன்னரே வரையறுத்தல் நன்று. விலைமதிப்பற்ற திருமேனி எங்குள்ளது, அதற்குச் செல்லும் வழி எது என்பனவெல்லாம் அடங்கிய படி தீயோர் கைக்குச் செல்லலாகாது.

அன்பர்கள் செய்யத்தக்கவை

திருவாண்டார்கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ள கோயில். அத்தகைய கோயில்களில் துறையின் இசைவின்றிக் கருவி கொண்டு அளப்பதோ வானூர்தி செலுத்துவதோ கூடாது. ஆயினும் கருவி இல்லாமலே அன்பர்கள் செய்யத்தக்கவை பல உள. சுவரிலும் தூணிலும் திருநீறு, குங்குமம், எண்ணெய் தடவாதிருத்தல் முதலாவது. எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்து எழுத்துப் பள்ளம் தூர்ந்துபோகிறது. தூர்ந்த எழுத்தைக் கருவியாலும் காண இயலாது. கற்பூரத்தையும் விளக்கையும் அதற்குரிய இடத்தில் ஏற்றுதல் இரண்டாவது. சுவரில் பெயர் கீறுவோரைக் கண்டால் இன்சொல்லால் தடுத்தல் மூன்றாவது.

வீட்டிலுள்ள பழைய ஒளிப்படங்களைத் தேடிப் பார்த்தல் நான்காவது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கோயில் மண்டபத்தில் நடந்த திருமணப் படத்தின் பின்புறத்தில், இன்று வண்ணத்தால் மூடப்பட்ட தூண் தெளிவாக நிற்கலாம். அத்தகைய படம் கிடைத்தால் அதன் படியொன்றைக் கோயில் அலுவலகத்தில் ஒப்படைத்தல் பெருந்தொண்டாகும்.

பாடல் பெற்ற தலங்களுக்கு அப்பாலும், ஊர் தோறும் துறையின் காவலில் இல்லாத சிறு கோயில்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றை அளந்தவர் இலர். அவற்றின் கல்வெட்டைப் படித்தவரும் சிலரே. குடமுழுக்கு நாள் குறித்தவுடன் அவற்றில் கடப்பாரை இறங்குகிறது. பொருட்செலவு மிகுந்த கருவி ஒவ்வொரு கோயிலுக்கும் கிடைப்பது உடனே இயலாதிருக்கலாம். ஆனால் நல்ல ஒளிப்படக் கருவி, ஓர் அளவுகோல், பொறுமையுள்ள இளைஞர் இருவர் என்னும் இம்மூன்றும் இல்லாத ஊர் இன்று இல்லை. கற்களுக்கு எண்ணிட்டு, நான்கு புறமும் முறையாகப் படம் எடுத்து, கல்வெட்டு இருப்பின் கல்வெட்டறிஞருக்குத் தெரிவித்த பின்னரே பணி தொடங்குவது என்று திருப்பணிக் குழுவினர் உறுதி கொண்டால் பேரிழப்புகள் பல தவிரும்.

திருமழபாடியில் விமானத்தைப் பிரிக்குமுன் பிறந்த ஆணை இன்றும் பொருந்தும். திருப்பணிக்குப் பொருள் கேட்டு வருவோரிடம், எவ்வளவு வேண்டும் என்று கேட்பதற்கு முன், படி எடுத்தாயிற்றா என்று அன்பர் ஒவ்வொருவரும் கேட்பாராக.